அந்த ஐஸ் ஹாக்கி கேசட்டும் என்னை உட்காரவைத்த ஆட்டமும்

பாசக்காரா, பிடிவாதக்காரா, என் தயாளண்ணா,

நலமா என்று கேட்க மாட்டேன். செத்துப்போன ஆளிடம் என்ன நலம் கேட்பது? மழை ஈரத்தில் மொட்டை மாடியில் ஏறாதே என்று அம்மா எத்தனை தடவை சொன்னாள்? கேட்டாயா? "மேட்ச் போய்டும்மா, டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பிட்டு வந்துடறேன்" என்று ரப்பர் செருப்போடு ஏறினாய். வழுக்கிவிட்டது. ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது, எனக்கு அந்தக் கோபம் துளிகூடக் குறையவில்லை. ஆனால் இந்தக் கடிதம் அந்தக் கோபத்தைப் பற்றியது இல்லை. இது வேறு கோபம், அதைவிடப் பழசு.

முதலில் செய்தி. போன மாதம் சிலியில் நம் ஆண்கள் ஹாக்கி அணி பிரிட்டனிடம் தோற்றுவிட்டது. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கு நாம் போகவில்லை. எண்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவையாம். மறுநாள் காலை கேம்ப் ரோடு டீக்கடையில் ஒரே பேச்சு. கிரிக்கெட்டைத் தவிர எதையும் பார்க்காதவர்கள்கூட அன்றைக்கு மட்டும் ஹாக்கி மேதைகள் ஆகிவிட்டார்கள்.

"கேபிள் தயாளன் அன்னிக்கே சொன்னான்பா" என்றார் இரும்புக்கடை ஏழுமலை. "பந்தைக் கொஞ்சிக்கினே இருந்தா வெள்ளக்காரன் அட்ச்சுட்டுப் போய்க்கினே இருப்பான்னு சொன்னான். எவன் கேட்டான்?"

நான் பால் பாக்கெட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தபோது உன்னைக் கிறுக்கன் என்றவர்கள், இப்போது ஞானி என்கிறார்கள். நீ சொன்னதில் பாதி சரி, அண்ணா. மீதிப் பாதியில் என் வாழ்க்கை போயிற்று. அதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? உன்னிடமே சொல்கிறேன். எழுதி முடித்ததும் கிரவுண்டு ஷெட்டில் உன் படத்துக்குக் கீழே ஒட்டப்போகிறேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

உன்னைப் பார்த்திராத புதுப் பெண்களும் அங்கே வருவார்கள் என்பதால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காலையில் நீ சேலையூருக்குக் கேபிள் டிவி கொடுப்பவன். சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சரளை கிரவுண்டில் எங்கள் பெண்கள் ஹாக்கி அணிக்குக் கோச். நான் அதில் லெஃப்ட் இன், அதாவது இடது பக்கமாகப் பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைகிறவள். "பொட்டப்புள்ள அரை டிராயர் போட்டுக்கினு ஓடினா எவன்டா கட்டுவான்?" என்று அப்பா கத்தியபோது, "எவனும் கட்டலன்னா நான் சோறு போடறேன், நீ கம்முனு இரு நைனா" என்று சொன்னவன் நீ. அதை நான் மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் உன்மேல் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் பாழாய்ப்போன மதியத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஏதோ ஒரு விளையாட்டுச் சேனலில் பழைய ஐஸ் ஹாக்கியைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. எழுபதுகளில் சோவியத் ரஷ்யாவும் கனடாவும் மோதிய ஆட்டங்கள். உன் கன்ட்ரோல் ரூமில் அந்தச் சேனலை வாங்கிப் பதிவு செய்ய ஒரே ஒரு ரிசீவர் பெட்டிதான் தோதாக இருந்தது. அதில் மதியத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தொடரைப் பிடுங்கிவிட்டு ஐஸ் ஹாக்கியைச் செருகினாய். சேலையூரில் வீட்டுக்கு வீடு ஐஸ் ஹாக்கி.

ஃபோன் அலறியது. நான்தான் எடுத்தேன். "இன்னாம்மா இது? மாமியாக்காரி பால்ல விஷம் கலந்தாளா இல்லியான்னு பாத்துகினு கீறோம், எவனோ தலையில சட்டியைக் கவுத்துக்கினு வழுக்கிக்கினு போறான்!" என்று ஓர் அம்மா. "பத்து நிமிசம், டெக்னிக்கல் ஃபால்ட்டுன்னு சொல்லு" என்று நீ பக்கத்திலிருந்து கிசுகிசுத்தாய். பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அது என் தலையில்தான் விடியப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

அந்தக் கேசட்டை எத்தனை தடவை போட்டுக் காட்டினாய்! எனக்கு மனப்பாடம். கனடாக்காரன் ஆட்டம் நேர்க்கோடு. அந்தக் கறுப்பு ரப்பர் வில்லையை எதிராளியின் மூலைக்கு அடித்துவிடுவான், பின்னாலேயே பாய்வான், ஆளைப் பக்கச் சுவரோடு வைத்து முட்டுவான், பிடுங்குவான், கோலைப் பார்த்து அடிப்பான். ரஷ்யாக்காரன் அப்படி இல்லை. ஐந்து பேரும் சுற்றிச் சுற்றி வருவார்கள். வழி அடைத்திருந்தால் வெட்கப்படாமல் திரும்பிப் பின்னால் வருவார்கள். கொடுப்பார்கள், வாங்குவார்கள், கோல் காலியாகத் தெரிகிறவரை அடிக்க மாட்டார்கள். இவனெல்லாம் நமக்கு ஒரு ஆளா என்று சிரித்துக்கொண்டு இறங்கிய கனடாக்காரன், முதல் ஆட்டத்திலேயே சொந்த ஊரில் ஏழு கோல் வாங்கினான்.

மொத்தம் எட்டு ஆட்டம். கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிஷ கோலில்தான் கனடா தப்பித்தது. நடுவில் ரஷ்யாவின் நல்ல ஆட்டக்காரன் ஒருவனைக் கணுக்காலிலேயே மட்டையால் ஒரு போடு போட்டார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் நீ தொடையைத் தட்டுவாய். "பாத்தியா, பயந்துட்டான். பயந்தவன்தான் கால்ல அடிப்பான்."

ஜெயித்த பிறகும் கனடாக்காரனுக்குத் தூக்கம் வரவில்லை. ரஷ்யாக்காரனின் பாஸையும் பயிற்சியையும் உட்கார்ந்து படித்தான். ரஷ்யாக்காரன் இவனிடமிருந்து முட்டி மோதவும், கிடைத்த இடத்திலிருந்து அடிக்கவும் கற்றுக்கொண்டான். எதிரி என்று ஒருவன் இல்லாவிட்டால் இரண்டு பேரும் தங்கள் ஆட்டம்தான் ஆட்டம் என்று இருந்திருப்பார்கள். நீ இதைத்தான் பிடித்துக்கொண்டாய்.

"நாமளும் பாகிஸ்தானும் ஒருத்தனை ஒருத்தன் ஏமாத்தியே டிரிப்ளிங்கை வளத்தோம் மோகனா. ஜெர்மன்காரனும் ஆஸ்திரேலியாக்காரனும் பாத்தான். இவனுங்க குச்சிலேர்ந்து பந்தை எடுக்கறது நம்மால ஆவாதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஆட்டத்தையே மாத்திட்டான். ஆளுக்கு ஆள் ஒட்டிக்கினான், நீட்டு நீட்டா பாஸ் குட்தான், புல்லுக்குப் பதிலா பிளாஸ்டிக்ல பச்சைப் பாய் விரிச்சான். இனிமே ஒருத்தரும் பந்தை வச்சுக்கினு டான்ஸ் ஆடக் கூடாது, முக்கியமா நீ."

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஏழுமலை இன்றைக்குச் சொல்வதை நீ அன்றைக்கே சொன்னாய். ஒப்புக்கொள்கிறேன், போதுமா?

ஆனால் அதே கேசட்டில் இன்னொன்றும் இருந்தது. ரஷ்யாக்காரன் பழகிய பனித்தளம் அகலமானது, சுற்றி வர இடம் இருந்தது. கனடாக்காரன் தளம் குறுகல், முட்டித்தான் ஆக வேண்டும். நம் கிரவுண்டு எப்படிப்பட்டது? சரளைக்கல். நீளமாக அடித்த பந்து கல்லில் பட்டு முழங்காலுக்கு எகிறும். நம் டீம் சுதாவுக்கு அதில் பல் போனது மறந்துவிட்டதா? அந்தக் கல்லில் பந்தைக் குச்சியோடு ஒட்டவைத்துக் கொண்டு போனால்தான் அது நம் பந்து. நான் திமிரில் டிரிப்ளிங் பண்ணவில்லை, அண்ணா. அந்தக் கிரவுண்டு எனக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்தது.

இதை நீ ஒப்புக்கொண்டாயா? ஒப்புக்கொள்ளாமல் நீ செய்த காரியத்தை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. பச்சைப் பாய் மைதானத்தில் ஆட்டத்துக்கு முன் தண்ணீர் அடிப்பார்கள், பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், அதை டிவியில் பார்த்துவிட்டாய். அது மெட்ராஸே காய்ந்து கிடந்த கோடை. தெருமுனையில் குடங்கள் வரிசையில் நிற்கும், லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கோடையில் நீ ஒரு தண்ணி லாரியைப் பிடித்து வந்து சரளை கிரவுண்டில் திறந்துவிட்டாய்!

ஐந்தே நிமிஷத்தில் கேம்ப் ரோடே குடத்தோடு வந்துவிட்டது. "குடிக்கத் தண்ணி இல்லாம நாறிக்கினு கீறோம், நீ மண்ணுக்கு ஊத்தறியா? உனுக்கு மூள கீதாடா?" என்று ஓர் அக்கா ஹோஸைப் பிடித்து இழுக்க, "பாதி லாரிதான்க்கா, மீதியை நீங்களே புடிச்சுக்குங்க" என்று நீ மறுமுனையைப் பிடித்து இழுக்க, அந்தக் கூட்டத்தில் இடுப்பில் குடத்தோடு நம் அம்மாவும் நின்றாள். அவள் உன்னைப் பார்த்த பார்வையில் எனக்கே உடம்பு கூசியது. கிரவுண்டு சேறாயிற்று. பந்து புதைந்தது. மறுநாள் காய்ந்தபோது எங்கள் காலடிக் குழிகளெல்லாம் அப்படியே இறுகி, பந்து முன்னைவிட மோசமாக எகிறியது. நீ அப்போதும் என்னைப் பார்த்துத்தான், "பாஸ் சரியில்ல" என்றாய்.

சரி, எழும்பூருக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியுமா?

அந்த வருஷமே எழும்பூர் பச்சைப் பாயில் எங்களுக்கு ஓர் ஆட்டம் கிடைத்தது. மாநில அணிக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் ஃபைலோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாநில அணியில் பெயர் வந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலைக்கு மனு போடலாம். எனக்கு வயது இருபத்து நாலு. அந்த வருஷம் விட்டால் கோட்டாவுக்கு வயது போய்விடும். இது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். முந்தின நாள் அம்மா கோயிலுக்குப் போய் வந்து என் குச்சிக்குக் குங்குமம் வைத்தாள்.

முதல் தடவையாகப் பந்து எகிறாமல் வந்தது, அண்ணா. என் வாழ்நாளில் பந்து அப்படி என் பேச்சைக் கேட்டதில்லை. இரண்டு பேரைத் தாண்டினேன். மூன்றாமவள் பிடுங்கினாள். மறுபடி வாங்கினேன், மறுபடி இரண்டு பேர், மறுபடி பிடுங்கினார்கள். "வுடு மோகனா! பாஸ் குடு! குடுன்னு சொல்றேன்ல!" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து நீ கத்தினாய். பன்னிரண்டாவது நிமிஷம் கையைத் தூக்கி என்னை வெளியே கூப்பிட்டாய். இப்போதுதான் யாரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாமே, அதுவும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே! மறுபடி உள்ளே அனுப்புவாய் என்று ஷூ லேஸைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தேன். நீ அனுப்பவில்லை. நாலு கோல் வாங்கித் தோற்றோம். ஃபைல்காரர்கள் ஆட்டம் முடிவதற்குள் எழுந்து போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் என் எதிரில் உட்கார்ந்தாய். "தங்கச்சின்றதால ஆடவச்சான்னு ஒருத்தன் பேசிடக் கூடாது, அதான்" என்றாய். ஊர் வாய்க்குப் பயந்துதான் என்னைப் பலி கொடுத்தாயா? பல்லாவரம் தாண்டியதும், "கோவமா?" என்று கேட்டாய். நான் "இல்ல" என்றேன். பொய். அந்த ஒரு பொய்யை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே ரயிலில் சண்டை போட்டு முடித்திருப்போம். நான் அத்தோடு குச்சியைப் பரணில் போட்டுவிட்டு, சானடோரியம் பக்கம் சட்டை ஏற்றுமதி கம்பெனியில் காலர் தைக்கப் போய்விட்டேன்.

நீ போன பிறகு பெண்கள் வீட்டுக்கு வந்து, "நீங்க வந்தா டீம் இருக்கும், இல்லன்னா கலைச்சுடலாம்க்கா" என்று அழுதார்கள். போனேன். இப்போது உன் இடத்தில் நான்தான் கோட்டுக்கு வெளியே நிற்கிறேன். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி அணி ஆட வந்தது. நம் அணியில் கௌரி என்று ஒருத்தி. கோவளத்துப் பெண், இருபத்தோரு வயது. அவள் அம்மா கடற்கரையில் மீன் விற்கிறாள். அம்மாவுக்கு மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு இவள் இரண்டு பஸ் மாறி வருவாள். பந்து கிடைத்தால் விடமாட்டாள். அன்றைக்கும் விடவில்லை. "வுடுடி! பாஸ் குடுடி! குடுன்னு சொல்றேன்ல!" என்று கத்தினேன். கத்தின பிறகுதான் கேட்டது, அது உன் குரல். அப்படியும் நிறுத்தவில்லை. கையைத் தூக்கி அவளை வெளியே கூப்பிட்டேன்.

அவள் என்னைப்போல் வாயை மூடிக்கொண்டு உட்காரவில்லை. நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"யாருக்குக்கா குட்றது? நீயே சொல்லு. ஒருத்தியாச்சும் காலியா நின்னாளா? பந்து என்கிட்ட வந்தா போதும், அத்தினி பேரும் நட்ட கல்லாட்டம் நின்னுகினு என்னியே பாக்கறாளுங்க. நான் இன்னா பண்றது, பந்தை பஸ் ஏத்தியா அனுப்ப முடியும்?"

எழும்பூர் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. பந்தோடு தலையை நிமிர்த்தி நான் பார்க்கிறேன். சுதா நீ சாக்பீஸில் போட்டுக் காட்டிய இடத்திலேயே நிற்கிறாள், ஒருத்தி அவளை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பக்கம் ரமணி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், அவளுக்கு முன்னால் இரண்டு பேர். ஒருத்தியும் ஓடவில்லை. எனக்குப் பாஸ் கொடுக்க ஆளே இல்லை, அண்ணா! நாலு வருஷமாக நான்தான் பேராசைக்காரி, நான்தான் அணியைக் கெடுத்தவள் என்று நம்பிக்கொண்டு காலர் தைத்திருக்கிறேன். நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் உன் வி.சி.ஆரைத் தூசி தட்டி அந்தக் கேசட்டைப் போட்டேன். இந்தத் தடவை வில்லையைப் பார்க்கவில்லை. வில்லை யாரிடம் இருக்கிறதோ அவனை விட்டுவிட்டு மற்ற நாலு பேரைப் பார்த்தேன். ஒருவன்கூட நிற்கவில்லை. ஒருவன் குறுக்கே ஓடி எதிராளியை இழுத்துக்கொண்டு போகிறான், அவன் விட்ட இடத்துக்கு இன்னொருவன் வருகிறான், மூன்றாமவன் பின்னால் வந்து காத்திருக்கிறான். அதனால்தான் வில்லை வைத்திருப்பவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆள் காலியாக இருக்கிறது. ரஷ்யாக்காரன் பாஸ் கொடுத்து ஜெயித்தான் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தாயே, பாஸ் வாங்க அந்த நாலு பேர் ஓடிய ஓட்டத்தை நூறு தடவையில் ஒரு தடவையாவது பார்த்தாயா? கனடாக்காரன் பார்த்தான். அதனால்தான் அவன் மாறினான். நீ மாற்றியதெல்லாம் என் ஒருத்தியைத்தான்.

அழுதுகொண்டே உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அண்ணி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். "யாரைத் திட்டற?"

"உன் புருஷனை."

"நல்லாத் திட்டு. எனக்கும் சேர்த்துத் திட்டு. நானும் மாடி ஏறாதேன்னு சொல்லச் சொல்ல ஏறினான் இல்ல?" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேசட் முடிகிறவரை இரண்டு பேரும் பார்த்தோம். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எழும்பூரில் ஆட்டம். ஆள் எடுக்கிறவர்கள் வருகிறார்கள். இந்த நாலு நாளாகக் கௌரியிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றவர்களைத்தான் ஓடவைக்கிறேன். "பந்து இல்லாதவ ஓடுடி, பந்து இல்லாதவ ஓடு" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. சுதா இந்த வயதில் என்னைச் சபித்துக்கொண்டே ஓடுகிறாள். கௌரி நேற்று முதல் தடவையாக, கேட்காமலே ஒரு பாஸ் கொடுத்தாள்.

ஒரு சத்தியம் செய்கிறேன். கௌரி ஆட்டம் முழுக்க ஆடுவாள். பத்து தடவை பந்தைப் பறிகொடுத்தாலும், நாலு கோல் இல்லை நாற்பது கோல் வாங்கினாலும், அவள் உள்ளேதான் இருப்பாள். என் கை தானாக மேலே போகும் என்று எனக்குத் தெரியும், போன ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டேனே. அதனால் அண்ணியைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொள்ளப்போகிறேன், கையைத் தூக்கினால் பிடித்து இழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. மன்னிப்பு வருகிறபோது வரட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நானும் அவளை வெளியே எடுத்துவிட்டால், உன்னைத் திட்டுகிற உரிமை எனக்குப் போய்விடும். அதை நான் லேசில் விடமாட்டேன், அண்ணா.

இன்னும் உன்மேல் கோபமாக இருக்கிற,
உன் ஒரே தங்கச்சி
மோகனா